ஸ்யாமளா டீச்சர் கொடுத்த வாக்கு

கல்லூரி முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு இன்னும் நாலு நல்லது செய்யலாம் என்றுதான் ஸ்யாமளா தலையாட்டினாள். எண்பத்திரண்டாம் வருஷம் அது. வில்லாபுரம் பக்கத்து மாலைக் கல்லூரியில் பாடம் நடத்துவது அவளுக்குப் பாதி வேலை; படிப்பை விட்டு நின்றுபோனவர்களைத் தேடிப்போய்க் கூட்டிவருவது மீதி வேலை. யாரும் கொடுத்ததல்ல, அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

செயலாளர் கைலாசநாதனுக்குக் கோபமே வராது. அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம். அவள் பதவியேற்ற அன்றைக்கே, ஹால் டிக்கெட் கட்டிலிருந்து ஐந்தை உருவித் தனியாக வைத்தார்.

"இதுங்க தேறாதும்மா. இந்த வருஷமும் ரிசல்ட் விழுந்தா காலேஜை இழுத்து மூட வேண்டியதுதான். அட்டெண்டன்ஸ் குறைச்சல்னு சொல்லிடு. அடுத்த வருஷம் எழுதட்டுமே, என்ன குடிமுழுகிப் போறது?"

"ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்ற பசங்க சார். அட்டெண்டன்ஸை எப்பவும் நாம பெரிசு பண்ணினதில்லையே?"

"அப்போ நீ பிரின்சிபால் இல்லையே."

ஐந்தையும் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துக் கிடந்தது மனசு.

அந்த ஐந்து ஹால் டிக்கெட்டில் ஒன்று விருமாண்டியுடையது. கொட்டாம்பட்டிக்காரன், இங்கே அறை எடுத்துத் தங்கி, கப்பலூரில் லேத் வேலை பார்ப்பவன். ஓவர்டைம் ஆசையில் தை மாசம் படிப்பை விட்டு நின்றுவிட்டான். ஸ்யாமளா பஸ் ஏறி ஊருக்கே போய், "பரீட்சை எழுத வைக்கிறது என் பொறுப்பு" என்று அவன் அம்மா அழகம்மாளிடம் வாக்குக் கொடுத்தாள். அந்த அம்மாள் மறுபேச்சுப் பேசாமல் மகனை விரட்டி அனுப்பினாள்.

சாயங்காலம் அதே விருமாண்டி, கழுவியும் போகாத கிரீஸ் கையில் ஒரு மாலையோடு வந்து நின்றான்.

"பசங்க எல்லாரும் சேந்து வாங்குனோம் டீச்சர். நீங்களே பிரின்சிபாலா வந்துட்டீக. இனி எங்களுக்கு என்ன கவலை?"

வாங்கிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனால் அட்டெண்டன்ஸ் குறைச்சல், இந்த வருஷம் பரீட்சை எழுத முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டாள், நோட்டீஸ் போர்டைப் படிக்கிற குரலில்.

சண்டைக்கு வருவான் என்று பார்த்தாள். வந்திருந்தால் தேவலை. அந்தப் பயல் "சரி டீச்சர்" என்றான். வாசல்வரை போய்த் திரும்பினான்.

"ஒரு உதவி மட்டும் செய்யிங்க டீச்சர். ஊருக்கு ஒரு தடவ வந்து ஆத்தாகிட்டச் சொல்லிருங்க. நான் சொன்னா நம்பாது. மறுபடி டிமிக்கி குடுத்துட்டேன்னு வெளக்கமாத்தத் தூக்கும். நீங்க என்ன சொன்னாலும் அம்புட்டையும் நம்பும்."

"வரேன்" என்றாள் ஸ்யாமளா.

இழுப்பறைச் சாவி அவள் முந்தானையில்தான் முடிந்திருந்தது. கை அந்தப் பக்கம் போகவே இல்லை.