கறுப்படித்த பெயர்கள்

எங்கள் இங்கிலீஷ் வாத்தியாருக்கு நாங்கள் வைத்த பெயர் மார்க்கர் சார். என்னைவிட நான்கு வயது சின்னவர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறையில் வகுப்பு. தூதர்கள், பேச்சுவார்த்தை என்று வரும் செய்திகளைத்தான் பாடமாகக் கொடுப்பார்.

"அந்தச் செய்தியில திரும்பத் திரும்ப அதே நாப்பது வார்த்தைதான் வரும். அதைப் பிடிச்சிட்டா பரீட்சை பாஸ்" என்பார்.

போன வருஷம் எந்த நாட்டின் பக்கம் நியாயம் என்று வகுப்பில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். அன்றிலிருந்து நாடு, நகரம், தலைவர் பெயர்களையெல்லாம் கறுப்பு மார்க்கரால் அடித்துவிட்டுத்தான் ஜெராக்ஸ் எடுப்பார்.

எனக்கு அது வசதியாகப் போயிற்று. துணிக்கடையில் பேன்ட்டுக்கு அடிமடிப்புத் தைக்கிறவள் நான். உலகம் எக்கேடு கெட்டால் எனக்கென்ன? பாஸானால் விசா கிடைக்கும், வீட்டுக்காரர் வெல்டிங் வேலை பார்க்கும் நாட்டுக்கு மகளோடு போகலாம். அவளுக்கு நான்கு வயது. அப்பா என்றால் போனைக் காட்டுவாள்.

தினமும் ஐந்து வார்த்தை. ஒவ்வொன்றுக்கும் வீட்டு விஷயமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். நாத்தனார் மேல் 'சாங்ஷன்', அதாவது தடை, போட்டேன். மாமியாரோடு 'டயலாக்' நடத்தினேன். சமையலறைப் பல்லியை 'எக்ஸ்பெல்' செய்து வெளியே துரத்தினேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். முழு மார்க் எனக்குத்தான். தலைகால் புரியாமல் ஆடினேன்.

பத்து நாளுக்கு முன்பு வீட்டுக்காரர் போனில் கேட்டார்.

"இங்க ஆளுக்கொன்னு சொல்றாங்க. நம்ம நாட்டுக்கும் இந்த நாட்டுக்கும் ஏதோ தகராறாம். கம்பெனிக்காரன் புரளிங்கிறான். திரும்பிப் போறவங்களுக்குத் தனி ஃபிளைட் விட்டிருக்காங்க. நீதான் தினமும் இங்கிலீஷ் நியூஸ் படிக்கிறியே, ஏதாச்சும் போட்டிருக்கா?"

"ஒரு வரி விடாம படிக்கிறேன். நம்மளப் பத்தி ஒரு எழுத்து இல்ல. அடிச்சுக்கிறது வேற யாரோ. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க" என்றேன். என்ன ஒரு தோரணை எனக்கு!

இன்று காலை சாருக்கு ஏதோ அவசரம். தாளின் கடைசிப் பத்தியில் மார்க்கர் படவில்லை. ஒரே வரியில் எங்கள் நாட்டின் பெயரும், என் வீட்டுக்காரர் இருக்கும் நாட்டின் பெயரும்.

அந்தப் பத்தியில் ஒரு வார்த்தைக்குக்கூட எனக்கு அகராதி தேவைப்படவில்லை. தூதரகத்தை மூடியாயிற்று. விசா நிறுத்தம். எங்கள் நாட்டவர் வெளியேறக் கொடுத்த கெடு நேற்றோடு முடிந்தது. இனி அங்கே இருப்பவர்களைப் பிடித்து அடைத்து வைப்பார்கள்.

"சார், இத்தனை நாளா நாம படிச்சது..."

"எல்லாம் இதே சண்டைதாம்மா. ஏன், என்ன ஆச்சு?"

அந்த மார்க்கரைப் பிடுங்கி அவர் மூஞ்சியிலேயே கிறுக்கலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொன்னது அவரா? நான்தானே. பெயர்களெல்லாம் கறுப்பாகக் கிடந்த தாளை வைத்துக்கொண்டு என் புருஷனுக்குத் தைரியம் சொன்னவள் நான்.

படிக்கட்டிலேயே நின்று போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார், சிரித்துக்கொண்டே.

"என்ன இந்நேரத்துல? வகுப்பு இல்லையா? இங்க பாதி பேரு பயந்து ஓடிட்டாங்க. எங்க ரூம்ல அஞ்சு பேரும் அப்படியே இருக்கோம். இவனுங்களும் பெட்டியக் கட்டினானுங்க. என் வீட்டுக்காரி தினமும் இங்கிலீஷ் நியூஸ் படிக்கிறா, ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டான்னு நான்தான் நிறுத்தி வச்சேன்."

கையிலிருந்த தாளின் கடைசிப் பத்தியை இன்னொரு முறை படித்தேன்.

"கேட்டுக்கிட்டு இருக்கியா? காலையில இருந்து வாசல்ல போலீஸ் வண்டி நிக்குது. இவனுங்க மறுபடி நடுங்குறானுங்க. ஸ்பீக்கர்ல போடறேன், நீயே ஒரு வார்த்தை சொல்லு."

"நான் சொன்னது தப்புங்க. கெடு நேத்தோட முடிஞ்சு போச்சு."

ஸ்பீக்கரில் எனக்குத் தெரியாத ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

"என்ன கெடு, தங்கச்சி?"