கிராபிக்ஸ் கார்டுக்குத் தண்ணீர் வைத்த கதை

மணிமொழியின் கணினி நாற்பத்திரண்டு சதவீதத்தில் மறுபடியும் அணைந்துபோனது. மூன்று நாளாக இதே கதை.

நில அளவை வரைபடம் போடுவது அவள் பிழைப்பு. பாறைகளைச் சுற்றிப் பார்ப்பது அவளுடைய சொந்தக் கிறுக்கு. சிங்கவரத்தைத் தாண்டி, நிலக்கடலை விளையும் ஒரு மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தில், யாரோ எந்தக் காலத்திலோ குடையத் தொடங்கி முழங்கை ஆழத்தோடு விட்டுப்போன குடைவு ஒன்றைக் கண்டுபிடித்து, கைபேசியில் நானூற்றுச் சொச்சம் படம் எடுத்து வந்திருந்தாள். படங்களைக் கோத்துப் பாறையின் முழு உருவத்தையும் திரையில் எழுப்ப மென்பொருள் இருந்தது. அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டிய கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் உடம்பு சரியில்லை. அதன் இரண்டு விசிறிகளும் தேய்ந்து நின்றுவிட்டன. சித்திரை வெயிலில் சூடு தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டதும் எல்லாம் அணைந்துவிடும். அந்த மாடலுக்கு விசிறியே இப்போது வருவதில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

பரணில் பழைய கணினி ஒன்று கிடந்தது. அதன் போர்டு போய்விட்டாலும், பிராசசரைக் குளிர்வித்த தண்ணீர்க் கூலர் நன்றாகவே இருந்தது. உள்ளங்கையளவு செம்பு அடி கொண்ட ஒரு கட்டி, அதற்குள்ளேயே குட்டிப் பம்பு, இரண்டு ரப்பர் குழாய், மறுமுனையில் விசிறி வைத்த ரேடியேட்டர். பிராசசர் சூட்டை எடுக்கிற தண்ணீர் கார்டின் சூட்டை எடுக்காதா? இந்தக் கேள்வி வந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கார்டைப் பிரித்தாள். நடுவில் கண்ணாடி போல மினுங்கும் சில்லு, சுற்றிலும் நான்கு துளை. கூலர் கட்டியின் கால்களோ அந்தத் துளைகளைத் தாண்டி அகலமாக விரிந்திருந்தன. இரண்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு திண்டிவனம் சாலையில் மஞ்சுவின் பட்டறைக்குப் போனாள். போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் செஞ்சியில் மஞ்சுவுக்குத் தனிப் பேர் உண்டு.

“இன்னா மணி, மோட்டாரு மறுபடியும் பூட்ச்சா?”

“மோட்டார் இல்லக்கா. இத்த அது மேல உக்கார வெக்கணும். ஓட்டை பொருந்தல.”

மஞ்சு இரண்டையும் புரட்டிப் பார்த்தாள். “இதுல கரண்ட்டு ஓடுது, அதுல தண்ணி ஓடுது. ரெண்டையும் ஒண்ணா வெக்கிறியா? தைரியந்தான்.”

“தண்ணி வெளிய வராதுக்கா. உள்ளாறவே சுத்திச் சுத்தி வரும்.”

“அப்ப சூடு எங்க போவுது?”

மணிமொழி ரேடியேட்டரைக் காட்டினாள். “இங்க வந்து காத்துல போயிடும்.”

“டிராக்டர் மாதிரி சொல்லு!” கையில் இருந்த காயிலைக் கீழே வைத்துவிட்டு மஞ்சு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

துளைகளைக் காகிதத்தில் ஒற்றியெடுத்து, அலுமினியத் தகடு ஒன்றில் குறித்து, டிரில்லில் வைத்து எட்டுத் துளை போட்டார்கள். உள்ளே நான்கு கார்டுக்கு, வெளியே நான்கு கட்டிக்கு. வீட்டுக்கு வந்து மாட்டிப் போட்டதும் ஒரே நிமிடத்தில் தொண்ணூறு டிகிரி. மணிமொழி பதறி அணைத்தாள்.

மறுநாள் பட்டறையில் கட்டியைக் கழற்றியபோது, சில்லின் மேல் தடவியிருந்த சூடு கடத்தும் பசை நசுங்காமல் அப்படியே இருந்தது. மஞ்சு கார்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தாள்.

“தோ பாரு. சில்லுக்குப் பக்கத்துல இந்தப் பொட்டிங்க ஒசரமா இருக்குது. கட்டி இதுங்க மேல உக்காந்துகினு இருக்குது. சில்லத் தொடவே இல்ல.”

இடையில் ஏதாவது வைத்தாக வேண்டும். சூட்டைக் கடத்துவதில் செம்பை விட்டால் வேறு என்ன இருக்கிறது? செம்புக்கு மஞ்சுவிடம் பஞ்சமில்லை. மூன்று மில்லிமீட்டர் பட்டையில் சில்லளவுக்கு ஒரு துண்டு அறுத்து, கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்துத் தண்ணீர் விட்டு, முகம் தெரியும்வரை தேய்த்தார்கள். இரு பக்கமும் பசை தடவி நடுவில் வைத்தார்கள். ஒரே பக்கம் முறுக்கினால் சில்லின் மூலை உடைந்துவிடும் என்பதால், மணிமொழி நான்கு திருகுகளையும் எதிரெதிராகக் கால்சுற்று கால்சுற்றாக இறுக்கினாள்.

இந்த முறை கணினியைப் பட்டறைக்கே கொண்டுவந்திருந்தாள். ஐம்பத்து நான்கு டிகிரி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அறுபது சதவீதம் தாண்டியதும் திரை உறைந்தது.

“சூடு ஏறவே இல்லையே, அப்புறம் இன்னாத்துக்கு நின்னுச்சி?” என்றாள் மஞ்சு. மணிமொழிக்கும் விளங்கவில்லை. எண் ஐம்பத்தாறைத்தான் தொட்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கியதும் மஞ்சு கார்டின்மேல் அங்கங்கே விரல் வைத்துப் பார்த்தாள். ஓரத்துக் கறுப்புச் சில்லுகளில் ஒன்றைத் தொட்டவள் சட்டென்று கையை உதறினாள். “மோட்டார்லயும் இப்பிடித்தான். பாடி சில்லுனு இருக்கும், பேரிங்கு பொரிஞ்சிகினு இருக்கும்.”

அவை மெமரி சில்லுகள். பழைய விசிறிக்கு அடியில் இருந்த அலுமினியப் பாளம் அவற்றின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வைத்த ஜோரில் அவற்றை மணிமொழி மறந்தே போயிருந்தாள். அந்தப் பாளத்தையே துண்டு துண்டாக அறுத்து, சூடு கடத்தும் டேப்பால் ஒவ்வொன்றின் மேலும் ஒட்டி, பக்கத்தில் ஒரு சின்ன விசிறி வைத்தார்கள்.

அன்று கணினி நிற்கவில்லை. டீக் குடித்துவிட்டு வந்தபோது திரையில் பாறை முழுதாக நின்றது. மணிமொழி அதைச் சுழற்றி, வெளிச்சத்தைத் தாழ்வாகச் சாய்த்தாள். நேரில் கண்ணுக்குத் தெரியாத உளித் தடங்களெல்லாம் வரிவரியாக எழுந்தன. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

மஞ்சு திரைக்கு அருகில் குனிந்தாள். “இவன் இடது கைக்காரன்.”

“எப்பிடிக்கா சொல்ற?”

“நானே இடது கைதான? நான் உளி புடிச்சா கோடு இப்பிடித்தான் விழும்.”

மணிமொழி அந்த வரிகளை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். எத்தனையோ நூறு வருடத்துக்கு முந்தைய ஒருவனின் கை தெரிகிறதென்றால் சும்மாவா? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மஞ்சுவின் வண்டியில் இருவரும் கிளம்பினார்கள்.

குடைவுக்கு முன்னால் மஞ்சு இடது கையை ஓங்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது. “நீ வலது கையால அடி பாப்போம்.” மணிமொழி ஓங்கினாள். முழங்கை வலப்பக்கத்து உருண்டைப் பாறையில் மோதியது. தள்ளி நின்றாலும் மோதியது. படம் எடுத்தபோது குடைவின்மேலேயே கண்ணாக இருந்தவள், அந்தப் பாறையை ஒரு படத்தில்கூடச் சேர்க்கவில்லை.

“அடச்சீ,” என்று முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். “யாரா இருந்தாலும் இங்க இடது கையாலதான் அடிக்க முடியும்.”

மஞ்சு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு உருண்டைப் பாறையைத் தட்டிப் பார்த்தாள். “அந்தக் காலத்துலயும் இது இங்கயே இருந்துச்சா? இல்ல, பின்னால மேல இருந்து உருண்டு வந்துச்சா?”

மணிமொழிக்கு அது தோன்றவே இல்லை. பாறை பூமிக்குள் இறங்கியிருக்கிறதா, மண்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று அதன் அடியைப் பார்க்க, இருவரும் ஆளுக்கொரு பக்கமாகக் குப்புறப் படுத்தார்கள்.