அமைதியைக் குலைக்கக்கூடியவர்

1.

இந்தக் கதையை ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். மராத்தியில், மூன்று பிரதிகளாக. நான் ருக்கு, மும்பை மாட்டுங்காவாசி, ஒரு நிர்வாக மாஜிஸ்ட்ரேட்டின் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். (இவர் கறுப்புக் கோட்டு நீதிபதி அல்லர். குற்றம் நடக்கும் முன்பே, ‘ஒழுங்காக இருப்பேன்’ என்று எழுதி வாங்குபவர். தாராவியில் இதற்குச் சாப்டர் கேஸ் என்று பெயர்.)

2024 கணபதிப் பண்டிகைக்கு முன் நான் டைப் அடித்த முன்னெச்சரிக்கை நோட்டீஸ்களில் ஒன்று இசக்கிமுத்துவுக்கு. (சட்டத்தில் இதற்கான பிரிவு 107 அப்போதுதான் 126 ஆகியிருந்தது. எண்ணை மட்டும் மாற்றினேன்.)

2.

தொடக்கம், முதல் முயற்சி: ‘டெம்போ ஓட்டும் இசக்கிமுத்து முன்கோபக்காரர். அவர் கண்கள் எப்போதும்—’

நிறுத்திவிட்டேன். அவர் கோபத்தை நான் பார்த்ததே இல்லை. நோட்டீஸையும் இப்படிப் பார்க்காமல்தான் அடித்தேன்: ‘அமைதியைக் குலைக்கக்கூடியவர்.’

நடந்தது இதுதான். தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், இவர் விலக்கிவிட்டார். போலீஸ் பட்டியலில் மூன்று பெயரும் ஏறின.

மனைவி தங்கமயிலோடு வந்தார். "நான் வெலக்கிவிடப் போனவன், மேடம்."

"சாஹேப் கிட்ட சொல்லுங்கோ. நான் வெறும் டைப்பிஸ்ட்."

மாஜிஸ்ட்ரேட் சாஹேப் போலீஸ் அறிக்கையைக் காட்டி, மேலதிகாரியிடம் போகச் சொன்னார். மேலதிகாரியோ, "அவர் எனக்குக் கீழேதான். ஆனால் நான் வேலையைப் பிரித்துக் கொடுப்பவன். அவர் முடிவில் தலையிட மாட்டேன்" என்றாராம். இசக்கிமுத்து மூன்று மாடி இறங்கி வந்து, ஒரு வருஷத்துக்கு ஒழுங்காக இருப்பதாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

3.

நாலு மாதம் கழித்துத் தங்கமயில் மட்டும் வந்தாள்.

"அக்கா, அவுக பேசுறதே இல்ல. சோறு திங்கும்போதும் வலது கையவே பாத்துக்கிட்டு இருக்காவ. காய் வெட்டுற கத்தியப் பக்கத்து வீட்டுல குடுக்கச் சொல்லிட்டாவ. ஏன்னு கேட்டா, ‘நான் செய்வேன்னு மாஜிஸ்ட்ரேட்டு எழுதிருக்காருல்லா? அவருக்கு மேலயும் ஆளு இருக்கு. அத்தன பேருக்கும் தெரிஞ்சது எனக்குத்தான் தெரியல போல’ங்காவ."

"உனக்குப் பயமா இருக்கா?"

"முன்ன இல்லக்கா. இப்பம் இருக்கு."

(இந்த இடத்தில் அவர் ஒருவரைக் குத்துவதாக ஒரு பத்தி எழுதினேன். ஒரு தடையும் இல்லாமல் வந்தது. அந்தச் சுலபத்துக்குப் பயந்து அழித்துவிட்டேன்.)

4.

வருஷம் முடிந்த மறுநாள் காலை அவரே வந்து நின்றார். பாதியாக இளைத்திருந்தார்.

"கெடு முடிஞ்சிட்டு. நான் செய்ய மாட்டேன்னு ஒரு காயிதம் குடுங்க."

அலமாரி முழுக்கத் தேடினேன். அப்படி ஒரு படிவமே கிடையாது.

"கையெழுத்துப் போட்ட சாஹேபு எங்க?"

"மாத்தலாயிட்டார்."

"மேல உள்ளவரு?"

"அவரும்தான்."

"அப்பம் நாக்காலி சும்மா கெடக்கா?"

"அதைச் சும்மா விடமாட்டா. தற்காலிகமா உக்கார்றவருக்கும் அத்தனை அதிகாரமும் உண்டு."

"இப்பம் இருக்கவருக்கு என்னயத் தெரியுமா?"

"முன்னாடி இருந்தவருக்கும் தெரியாது."

தன் வலது கையை மேஜைமேல் வைத்து, வேறு யாருடையதோ போல அதையே பார்த்தார். "அப்பம் யாருக்குத்தான் மேடம் தெரியும்?"

வெள்ளைத்தாளை எடுத்துத் தமிழில் அடித்தேன்: ‘இசக்கிமுத்து அமைதியைக் குலைக்கக்கூடியவர் அல்லர்.’ படித்துக் காட்டினேன். அடியில் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார்.

5.

முடிவு, ஒன்று: நான் போட்டேன். அவர் சிரித்த— பொய்.

முடிவு, இரண்டு: எனக்கு அதிகாரம் இல்லை என்று விளக்கினேன், அவரும் புரிந்து— அதுவும் பொய்.

நான் போடவில்லை. உள்ளே மணி அடித்தது, எழுந்து போனேன். திரும்பி வந்தபோது தாள் மேஜைமேல் இருந்தது, அவர் இல்லை. பிறகு தங்கமயிலும் வரவில்லை. டெம்போவை விற்றுவிட்டார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

அந்தத் தாளின் அடியில் இடம் இருக்கிறது. நீங்கள் போடுவீர்களா? அவரை நேரில் பார்த்ததில்லையே என்று தயங்காதீர்கள். அந்த மராத்தி நோட்டீஸில் போட்டவர்கள் தயங்கவில்லை.