கழுவி வைத்த கவர்

சினைப்பன்றி காலையில் எழுந்திருக்கவில்லை. வளர்மதி குச்சியால் விலாவில் குத்திப் பார்த்தாள். உறுமக்கூட இல்லை. காதுமடல் இரண்டும் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தன. செராமிக் கம்பெனியில் கீறல் விழுந்ததென்று கழித்துப்போட்ட வாஷ்பேசின்தான் அதற்குத் தொட்டி. நேற்றுச் சாயங்காலம் ஊற்றிய கழனித்தண்ணி ஆடை கட்டி அப்படியே நின்றது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் குருமூர்த்தி வண்டியை ரோட்டிலேயே விட்டு, உடம்பு முழுக்க வெள்ளை உறை மாட்டிக்கொண்டு வந்தார். ரத்தம் எடுத்தார். பிறகு ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். ஓட்டல் எச்சில் ஊற்றுவதில்லை, வீட்டுக் கழனிதான் என்றாள்.

"வெளிநாட்டுலேர்ந்து யாராச்சும் வந்தாங்களாம்மா? கறிகிறி கொண்டாந்தாங்களா?"

"எங்களுக்கு ஏது சார் வெளிநாடு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவரும் அதையே எழுதிக்கொண்டார். அவர் பயப்படும், கறியில் ஒட்டிக்கொண்டே ஊர் தாண்டி வரும் காய்ச்சலாக இருந்தால் மருந்து கிடையாது, சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றியையெல்லாம் கொன்று புதைக்க வேண்டும் என்றார். ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கும் அது இல்லை. வெளியிலிருந்தும் எதுவும் வரவில்லையென்றால் வேறு காய்ச்சலாகத்தான் இருக்கும். சோதனை முடிவு வரும்வரை அவளுடையதை மட்டும் வெளியே விட வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் தம்பி பிரபாகரன் மலேசியாவிலிருந்து வந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. கைலிக்குள் சுருட்டி, உலர்த்திய பன்றிக்கறி ரெண்டு பாக்கெட் கொண்டுவந்திருந்தான். ஏர்போர்ட்டில் ஒருத்தனும் பெட்டியைத் திறக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னான். கறியில் ஒரு துண்டுகூட பன்றிக்குப் போகவில்லை, வீட்டிலேயே வறுத்துத் தின்று தீர்த்தாயிற்று. ஆனால் கவர் நல்ல கெட்டிக் கவர். வளர்மதி வீட்டில் அப்படிப்பட்டதை எறியும் வழக்கம் இல்லை. உள்ளே ஒட்டியிருந்த கொழுப்பை அலசி, அலசிய தண்ணீரைக் கழனிப்பானையில் ஊற்றிவிட்டு, ஒன்றில் உப்பைக் கொட்டி வைத்திருந்தாள்.

அலசுன தண்ணியில என்ன இருக்கப்போவுது என்று நினைத்துக்கொண்டாள். கம்பெனியில் அவள் வேலை, சூளையிலிருந்து வந்த சாமானை விரல்முட்டியால் தட்டிக் கேட்பது. கண்ணுக்குத் தெரியாத கீறல் சத்தத்தில் தெரிந்துவிடும். சூப்பர்வைசர் போகட்டும் என்று சொன்னாலும் அவள் ஒன்றையும் விட்டதில்லை. இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது செத்த சத்தமாகக் கேட்டது.

தம்பிக்குப் போன் போட்டு, டாக்டர் கேட்டதைச் சொன்னாள். அடுத்த வாரம் ஃபிளைட் ஏற வேண்டியவன்.

"வாயத் தொறக்காதக்கா. பாஸ்போர்ட்டுக்கு வம்பு வந்துடும். எவனெவனோ கொண்டாறான், நாம மட்டும் ஏன் மாட்டணும்?"

மத்தியானம், எதிரில் பன்றிப்பட்டி வைத்திருக்கும் பாரியின் வாசலில் சேத்தியாத்தோப்பு வியாபாரியின் மினிலாரி வந்து நின்றது. பாரி ஒரு வருஷம் வளர்த்த பதினொரு உருப்படிகள். அவள் வீட்டுக் குட்டிகள் அந்தப் பட்டிக்குள் போய் வந்துகொண்டிருந்தவைதான். சொன்னால், அவள் அலசிய தண்ணீருக்குப் பாரியின் பதினொன்றும் குழிக்குள் போகும். சொல்லாவிட்டால் சாயங்காலம் அவை சேத்தியாத்தோப்பில் எத்தனையோ பன்றிகளோடு நிற்கும்.

"இன்னாக்கா, டாக்டரு மாப்ளையாட்டம் வெள்ளையும் சொள்ளையுமா வந்துட்டுப் போறாரு?" என்று பாரி சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் உப்பைத் தட்டில் கவிழ்த்துவிட்டு, கவரோடு வெளியே வந்தாள்.

"வண்டிய நிறுத்தச் சொல்லு பாரி. டாக்டருகிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."

பாரி கவரை வாங்கித் திருப்பிப் பார்த்தான். தொப்பி போட்ட பன்றி ஒன்று அதில் சிரித்துக்கொண்டிருந்தது. புரியாத எழுத்துகள். ஓரத்தில் உப்பு ஒட்டியிருந்தது. அவன் அவள் வீட்டுத் தொட்டியைப் பார்த்தான், பிறகு அவளை. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். டாக்டருக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. லாரிப் பலகையில் ஏற ஆரம்பித்திருந்த முதல் பன்றி, முன்னங்கால் வண்டியிலும் பின்னங்கால் பலகையிலுமாக, யாரும் விரட்டாததால் அப்படியே நின்றது.