சாத்திய ஜன்னல்

குளிர் புகாமலிருக்க ஜன்னல் இடுக்கில் ஒட்டியிருந்த காகிதப் பட்டையைக் கிளாவா சமையல் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது ராயா வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். செத்தவரின் அக்காவும் மனைவியும் சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் கத்தியும் கையுமாக நிற்பது அழகில்லை என்று இருவருக்குமே தெரியும். ஆனாலும் ஒருத்தியும் விடுவதாக இல்லை.

ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் ஆவி வெளியேறும் என்பது கிளாவாவின் கட்சி. தம்பி வேனியா செத்த தந்தி கிடைத்ததும் தெற்கிலிருந்து இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்தபடியே வந்தவள். அவள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்களாம். அவள் ஊரில் மார்ச் மாதம் பனி உருகிவிடும். துருவத்தை ஒட்டிய இந்த நிலக்கரி ஊரில் அன்று காலை உறைநிலைக்குக் கீழே முப்பத்துநான்கு டிகிரி. ஜன்னலுக்கும் சவப்பெட்டிக்கும் நடுவே வேனியாவின் தக்காளிச் செடிகள் முப்பத்தெட்டு, பால் அட்டைப்பெட்டியிலும் மீன் டப்பாவிலும் இடுப்புயரம் வளர்ந்து, பூவெடுத்து நின்றன.

"உனக்கு என் தம்பிய விடத் தக்காளி பெருசாப் போச்சா?" என்றாள் கிளாவா.

"அக்கா, முப்பது வருஷமா இந்த ஜன்னல நான் திறந்தா அவரு சாத்துவாரு. இப்ப நீங்க திறந்து வச்சா மட்டும் போயிடுவாரா? எந்திரிச்சுச் சாத்திட்டுத்தான் படுப்பாரு."

கிளாவா பெட்டியிலிருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று அவளுக்கு வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, கத்தியைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்தாள். கதவு வழியாகவே போய்ச் சேரட்டும் என்று அங்கிருந்து சொன்னாள்.

ராயா ஜெயித்ததாக நினைத்தது கால் மணி நேரம்தான். சுரங்கத்தில் வேனியாவோடு வேலை பார்த்த ஃபோமிச், பெட்டி தூக்கும் ஆட்களுக்குத் தலைவராக, அளவு பார்க்க மேலே வந்தார். நடையை முழம் போட்டார், மாடிப்படி வளைவை எட்டிப் பார்த்தார். வீட்டுக் கதவைக் கீலிலிருந்து கழற்ற வேண்டும், கீழே தெருக்கதவு இரண்டையும் கல் வைத்துத் திறந்தே போட வேண்டும், நான்கு மாடி இறக்க அரை மணியாவது ஆகும் என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அவ்வளவு நேரம் குளிர் ஏறி வந்தா செடிங்க தாங்காதும்மா."

ராயாவுக்கும் அது தெரிந்தது. போர்வை போட்டு மூடினால் தண்டு ஒடியும். குளியலறையில் எட்டுச் செடிகூடக் கொள்ளாது. அடுக்களைக்குக் கதவே இல்லை, போதாக்குறைக்கு இழவுச் சாப்பாட்டுக்கான அப்பமும் பாத்திரமுமாக அடைந்து கிடந்தது. அவள் முக்காலியை இழுத்துப் போட்டு வேனியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். புருஷன் போனதைவிட இது வலிக்கிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கொஞ்சமா சண்டை போட்டிருக்கிறாள் இந்தச் செடிகளுக்காக? கட்டிலை நகர்த்தினார், பொறுத்துக்கொண்டாள். அவளுடைய நிலைக்கண்ணாடியைச் செடிக்கு வெளிச்சம் திருப்பிவிட எடுத்துக்கொண்டபோது ஒரு வாரம் பேசவில்லை. தேனீ எட்டிப் பார்க்காத வீட்டில் வேனியாதான் தேனீ. காலையில் தேநீருக்கு முன்னால் சவரத் தூரிகையை எடுத்துக்கொண்டு பூப்பூவாகத் தொட்டுக்கொண்டே போவார். படிக்கட்டில் எல்லாரும் அவரை "தேனீ, தேனீ" என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். புத்தாண்டு ராத்திரி முதல் பழத்தைப் பன்னிரண்டு வில்லையாக அரிந்து தட்டில் வைத்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவார். அன்றைக்கு மட்டும் ஒருவரும் கேலி செய்ததில்லை. மண் எட்டு மாதம் கல்லாகக் கிடக்கும் ஊரில் தக்காளி தந்தவர் என் புருஷன் என்று ராயா யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று இப்போது தொண்டை வரை வந்தது. கேட்க வேண்டியவர் படுத்திருந்தார்.

கீழ்வீட்டுத் தமாரா கோட்டும் தொப்பியுமாக உள்ளே வந்தாள். மேலிருந்து செடிக்கு ஊற்றும் தண்ணீர் தன் வீட்டுக் கூரையில் ஒழுகுகிறது என்று இரண்டு முறை குடியிருப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தவள். சவத்துக்குக் குனிந்து மரியாதை செய்தாள். நேரே ஜன்னலுக்குப் போனாள். கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி, ஒரு செடியை டப்பாவோடு தூக்கி நெஞ்சோடு வைத்துத் தண்டை மெதுவாக வளைத்து, கழுத்து வரை பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். ஃபோமிச் கீழே போகிற வழியில் அவளிடம் என்னமோ சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் மற்ற வீட்டுப் பெண்கள் வந்தார்கள். இரண்டாம் மாடி ஆசிரியை, பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டுக்காரி, பெயர்கூடத் தெரியாத ஒருத்தி. ஒவ்வொருத்தியும் வேனியாவைப் பார்த்துக் குனிந்துவிட்டுக் கோட்டைத் திறந்தாள். தங்கள் வீடுகளில் வைத்துவிட்டு மறுபடி ஏறி வந்தார்கள். கடைசி நடை எடுத்தவர்களுக்கு வீட்டில் வைத்துவிட்டு வர நேரமில்லை. கோட்டுக்குள் செடியோடு படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்கள். ஜன்னலடி வெறுமையானது.

ராயா வாசலில் தமாராவின் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"நன்றி கின்றின்னு சொல்லிப்புடாத" என்றாள் தமாரா. "செடிக்கு யாராவது நன்றி சொல்லுவாங்களா? சொன்னா வேர் பிடிக்காமப் போயிடும். ஊருக்கே சொல்லிக் குடுத்தது உன் வீட்டுக்காரருதான்."

"சொல்லல" என்றாள் ராயா.

கதவைக் கழற்றினார்கள். குளிர் வெள்ளைப் புகையாகப் படியேறி வந்து வீட்டுக்குள் நுழைந்தது. ஆறு பேர் பெட்டியைத் தூக்க, ஃபோமிச் வளைவுக்கு வளைவு தாழ்ந்த குரலில் ஏவிக்கொண்டே முன்னால் இறங்கினார். பின்னால் ராயா இறங்கினாள், கிளாவா அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். மாடிக்கு மாடி பெண்கள் சுவரோடு ஒண்டி, வயிறு புடைத்த கோட்டுகளை இரு கையாலும் அணைத்தபடி பெட்டிக்கு வழிவிட்டார்கள். ராயா தலையை நிமிர்த்தி ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்தாள்.

இரண்டாம் மாடியில் ஆசிரியையின் காலருக்கு வெளியே ஒரு மஞ்சள் பூ நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டி அருகில் வந்ததும் அவள் மோவாயைத் தாழ்த்தி அதன்மேல் மூச்சுவிட்டாள்.