பதினோராவது பெயர்

விழுப்புரத்துப் பகுதிநேர நிருபர் சவுரிராயனுக்கு நாலு வருஷமாக வயிற்றெரிச்சல். டாக்டர் அதை அல்சர் என்றார். அல்சரின் பெயர் வெங்கடாசலம். அதே பேப்பருக்குத் திண்டிவனம் நிருபர். சவுரிராயன் எழுதும் கொலைகூட ஆறாம் பக்க மூலையில் மூன்று வரியாகச் சுருங்கும். வெங்கடாசலம் எழுதினால் மாடு கிணற்றில் விழுந்ததற்கே கொட்டை எழுத்து.

இப்போது இருவரில் ஒருவரை நிரந்தரமாக எடுக்கப்போகிறார்கள். யாரை என்பது ஆபீஸ் வாட்ச்மேனுக்கே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்டிவனத்துச் சீட்டாட்ட கிளப்பில் ரெய்டு. பதினோரு பேர் கைது. அதில் வெங்கடாசலமும் ஒருவன். சேதி கேட்டதும் சவுரிராயன் பாதிச் சோற்றில் எழுந்து பஸ் ஏறினான். மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டான். எதற்கென்று மட்டும் அவளிடம் விவரமாகச் சொல்லவில்லை.

ஸ்டேஷனில் சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தான் வெங்கடாசலம்.

"வாய்யா சவுரி! இன்னிக்குத்தான் எனக்கு முந்தி நியூஸ் புடிச்சிக்கினு நிக்கிற."

"இந்தச் சீட்டுப் பேஜாரு உன்னை இன்னும் விடலையா?"

"வுட்டுடறேன்னு தெனம்தான் சொல்றேன். கை கேக்கலையே."

கைதானவர் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டு சவுரிராயன் வெளியே வந்தான். வாசலில் மடித்த சட்டையோடு வெங்கடாசலத்தின் மனைவி காந்திமதி.

"அண்ணே, பேப்பர்ல பேரு வந்துடுமா? நாளைக்கு நான் கிளாஸ் எடுக்கணும்ணே. பசங்க பேப்பர் படிக்குதுங்க."

சவுரிராயன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தான். பத்துப் பெயர் வரை பேனா குதிரையாய் ஓடியது. பதினொன்றில் படுத்துக்கொண்டது. "நீயெல்லாம் உருப்படவே மாட்டே" என்று தன்னையே திட்டியபடி, 'பத்துப் பேர் கைது' என்று முடித்து, கவரை மெட்ராஸ் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தான்.

மறுநாள் பக்கத்து மெடிக்கல் ஷாப் போனுக்கு மெட்ராஸிலிருந்து ஆசிரியரின் டிரங்க்கால்.

"எத்தனை பேருய்யா கைது?"

"பத்து சார்."

"வெங்கடாசலம் ஜாமீன்ல வந்ததுமே எனக்குப் போன் பண்ணிட்டான். பதினொண்ணு. தன் பேரைத்தான் மொதல்ல எழுதச் சொன்னான். 'எனக்கு வேலை வேணாம், சவுரிக்குக் குடுங்க, அவன் எதையும் மறைக்க மாட்டான்'னான். பின்னாலயே உன் கவர் வருது!"

நாலு வருஷத்தில் சவுரிராயன் ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறான். அதிலும் அந்தப் பாவி முந்திவிட்டான்.

"ரெண்டு பேருக்கும் கிடையாது. வேற ஆளைப் போட்டுக்கறோம்."

"சார், அவனை எடுத்துக்குங்க சார். அவன் நல்ல நிருபர்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த வாயிலேயே ஓங்கி ஒன்று போடலாம் போலிருந்தது. மறுமுனையில் ஆசிரியர் சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. டிரங்க்காலின் மூன்று நிமிஷம் முடிந்து லைன் அறுந்தது.