எல்லா நிலையங்களிலும் நிற்கும் கப்பல்

1991 மார்ச் 9, சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, ஒன்பது அடுக்கு உல்லாசக் கப்பல் ஒன்று பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலுள்ள தண்டவாளத்தில் வந்து நின்றது. ஏழு நிமிடம் தாமதம். அன்று விடியற்காலையில்தான் கிள்ளான் துறைமுகத்தில் அதைத் தண்ணீரில் இறக்கியிருந்தார்கள். இறங்கிய கப்பல் கடல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக் கரையேறி, கிள்ளான், பாடாங் ஜாவா, பத்து தீகா, பெட்டாலிங் என்று ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு நிமிடம் நின்று வந்திருக்கிறது. பாலங்களுக்கு அடியில் குனிந்தது. அதன் எடை பதினெட்டாயிரம் டன் என்று ஒரு தாளிலும் பத்தொன்பதாயிரம் என்று இன்னொன்றிலும் இருக்கிறது. எது சரி என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தண்டவாளத்துக்குச் சேதம் இல்லை என்பதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன.

கப்பலை வரைந்தவர் முத்துக்குமாரு. ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் பெட்டிகளுக்குப் பிளான் வரைந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பிளான்களிலெல்லாம் தலைமை எஞ்சினியரின் பெயர்தான் இருந்தது. ஆகவே 1987இல் கிள்ளான் கப்பல் பட்டறை முதலாளி சோலையப்பன் தேடி வந்தபோது, யார் பெயர் போடுவீர்கள் என்றுதான் அவர் முதலில் கேட்டார். "உங்க பேருதான் அங்கிள், வேற யாரு பேரு?" என்றார் சோலையப்பன். அடுத்த பதினான்கு மாதம் முத்துக்குமாரு சாப்பாட்டு மேசையில் வரைந்தார். மனைவி குணபூசணி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். பட்டறையில் நாற்பத்தெட்டு இரும்புத் துண்டங்களைத் தனித்தனியாகச் செய்து, கிரேனில் தூக்கி ஒன்றோடொன்று பற்றவைத்தார்கள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு அறைகள் கட்டில், கண்ணாடி, கழிவறையோடு முழுதாக வந்து, மேசை இழுப்பறைகளைப்போல உள்ளே தள்ளப்பட்டன. பெட்டி பெட்டியாகச் சேர்ப்பது முத்துக்குமாருவுக்குப் பழகிய வேலை. தவறும் அதனால்தான் நேர்ந்தது. கடைசித் தாளின் மூலையில், கை போன போக்கில், "எல்லா நிலையங்களிலும் நிற்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கையெழுத்துள்ள தாளை யாரும் திரும்பப் படிப்பதில்லை.

கப்பல் மாலையில் தானாகவே கிள்ளானுக்குத் திரும்பும். இழுவைப் படகுகளில் கட்டி மூன்று முறை கடலுக்கு இழுத்தார்கள். மூன்று முறையும் மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸில் நின்றது. கடைசி முறை தாமதம்கூட இல்லை. கிள்ளான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் அதில் ஏறத் தொடங்கினார்கள்.

சோலையப்பன் முத்துக்குமாருவின் வீட்டுக்கே வந்துவிட்டார். "பினாங்குக்குப் போகக் கட்டினேன் அங்கிள், இது பெட்டாலிங்குக்குப் போகுது. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கடல்ல ஓடலன்னா வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்."

"பிளான்ல பிழை இல்லை தம்பி."

"பிழை இல்லையா? பத்து தீகால நின்னு ஹார்ன் அடிக்குதுலா!"

அவர் போனபின் முத்துக்குமாரு அழிப்பானை எடுத்தார். ஆனால் கையெழுத்தான தாளில் ஒரு வரியை அழித்தால் தாளே செல்லாது என்பது ரயில்வே விதி. தாள் போனால் அவர் பெயரும் போகும். அழிக்காவிட்டால் கப்பல் போகும். அழிப்பானைக் கையில் வைத்தபடியே இருந்தார். காப்பி ஆறியது.

குணபூசணி தாளை எட்டிப் பார்த்தார். "ஏன் அதை அழிக்கிறியள்? கடல்ல ஸ்டேஷன் இல்லாததுதானே கரைச்சல். ஸ்டேஷனைக் கொண்டுபோய் வையுங்கோவன்."

"கடலுக்குள்ளயோ?"

"முப்பத்தொரு வருஷம் ஆரோ ஒருத்தற்ற பேருக்கு வரைஞ்சியள். உங்கட பேர்ல பத்துப் பதினொரு ஸ்டேஷன் வரைய ஏலாதோ?"

கிள்ளானுக்கும் பினாங்குக்கும் நடுவே அவர் பதினொரு நிலையங்கள் வரைந்தார். கால அட்டவணையும் போட்டார். ஐந்தாவது நிலையத்துக்குக் குணபூசணி என்று பெயர். அங்கே மட்டும் ஐந்து நிமிடம். கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமை கேப்டன் அறையில் ஒட்டினார். வெள்ளிக்கிழமை காலை எட்டே காலுக்குக் கப்பல் கடலுக்குள் போனது. சோலையப்பன் கரையில் நின்று, "சரியான டைம்லா" என்றார்.

அன்றிலிருந்து அது நடுக்கடலில் பதினொரு இடங்களில் நின்று, கதவைத் திறந்து, மணியடித்துப் புறப்படுகிறது. முதல் இரண்டு வருடம் யாரும் ஏறவில்லை. 1993 முதல் குணபூசணியில் தினமும் நான்கைந்து பேர் ஏறுகிறார்கள். எல்லோரிடமும் டிக்கெட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அதிகம், உட்கார இடம் கிடைப்பது கஷ்டம்.